ரொசாலியாவுக்கு வைத்த இரண்டு நேர்த்தி

அந்த வாரம் முழுக்கப் புஸ்பராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பக்கம் தான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவி சிக்னோராவுக்கு ஒரு காலில் கறுப்புச் சப்பாத்தும் மறுகாலில் மண்ணிறச் சப்பாத்தும் மாட்டிவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். போர்கோ வெக்கியோ சந்தையில் கத்தரிக்காய்க்குக் காசைக் கொடுத்துவிட்டு, கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்தாள். மகள் டிலக்ஷியின் வேலை ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கொம்பனி அதை நீட்டக் கூடாது என்று தாய் நேர்த்திக்கடன் வைத்திருந்தாள்.

ஓம், கூடாது என்றுதான். பெற்றவள் இப்படியும் நேருவாளா என்று கேட்பீர்கள். நேர்ந்தாளே!

டிலக்ஷி சீனாவில், குன்மிங் என்கிற ஊரில், இத்தாலியக் கோப்பி மெசின் விற்கும் கொம்பனியில் இரண்டு வருடமாக வேலை. அவள் போனபோது பலெர்மோ முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தவளும் இதே புஸ்பராணிதான். முதல் வருடம் போனில், வீசாட் வீடியோவில் வரும்போதெல்லாம் மகள் அழுதாள். "தனிய இருக்கேலாதம்மா. சாப்பிட்டா நாக்கு மரக்குது. சனம் கதைக்கிறது ஒரு சொல்லும் விளங்குதில்லை." தாய் பதறினாலும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. அழுகிற பிள்ளை எப்படியும் திரும்பி வந்துவிடும். இரண்டாம் வருடம் அந்த அழுகை நின்றுபோனது. அழாத பிள்ளை திரும்பி வருமா?

எல்லாம் அந்த ஓட்டத்தால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமைகளில் கண் தெரியாதவர்களோடு சேர்ந்து பூங்காவில் ஓடுகிற தொண்டர் கூட்டம் ஒன்றில் டிலக்ஷி சேர்ந்திருந்தாள். முழநீளக் கயிறு, ஒரு முனை கண் தெரியாதவர் கையில், மற்ற முனை துணைக்கு ஓடுகிறவர் கையில். அவளுக்கு வாய்த்தவள் கண் தெரியாத மேய். நாற்பது வயது தாண்டியவள், மசாஜ் கடையொன்றில் வேலை.

"காசு தருவினமோ?" என்று அப்போதே கேட்டாள் புஸ்பராணி.

"இல்லையம்மா, சும்மாதான்."

"சும்மாவோ? இஞ்சை நான் சிக்னோராவைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரியிறதுக்குச் சம்பளம் வாங்கிறன். நீ சீனாவுக்குப் போய் அதைச் சும்மா செய்யிறியோ?"

"அவவை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு திரியத் தேவையில்லை. அவ ஓடுறா. நான்தான் மூச்சு வாங்கி நிக்கிறன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் மகள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுப் புஸ்பராணிக்குப் பொறாமை வந்தது. பச்சைப் பொறாமை. தன்னோடு பேசும்போது பிள்ளை அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! அன்றைக்கே அடுப்படியில் நின்று, பெல்லெக்ரீனோ மலைக் குகைக் கோயிலில் இருக்கும், ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கூப்பிட்டாள். சைவமோ கத்தோலிக்கமோ, பலெர்மோத் தமிழருக்கு வழக்கு வம்பெல்லாம் அவளிடம்தான். "தாயே, என்ரை பிள்ளையைத் திருப்பி அனுப்பு. வெறுங்காலோடை ஏறி வாறன்." இதைக் கணவன் சூசைப்பிள்ளைக்கு மட்டும் சொன்னாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, எனக்காக ஒருக்கா ரொசாலியாவிட்டை ஏறுங்கோ. இன்னும் ஒரு வருசம் வேலை கிடைக்கவேணும் எண்டு கேளுங்கோ."

"ஏன் பிள்ளை, அங்கை அப்பிடி என்ன கிடக்கு?"

"மேய் வாற வருசம் மாரத்தன் ஓடப்போறா. முந்தி அவவோடை ஓடினவ ஒரு சொல்லும் சொல்லாமல் ஊர் மாறிப் போயிட்டா. மேய் மத்தியானம் வரைக்கும் பார்க் கேற்றிலை கயிறோடை நிண்டிருக்கிறா. இப்பவும் நான் கொஞ்சம் பிந்தினாலும் முகம் செத்துப்போகும். நானும் அப்பிடிச் செய்யேலாது, அம்மா."

"ஓம், ஓம், ஏறுறன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நேர்த்தியா? ரொசாலியா தலையில் அடித்துக்கொள்ள மாட்டாளா? அந்த இரவும் அடுத்த இரவும் புரண்டு புரண்டு படுத்தாள்.

ஞாயிறு காலை செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறத் தொடங்கினாள். பாதிக்கு முன்னமே வீசாட் அடித்தது. திரையில் பூங்கா வாங்கு ஒன்றில் உட்கார்ந்தபடி டிலக்ஷியும், பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு மேயும். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியிருந்தது. மேய் தலையைச் சரித்துப் புஸ்பராணியின் மூச்சைக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னாள்.

"உங்களோடை ஆர் ஏறுகினம் எண்டு கேக்கிறா, அம்மா."

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு."

மேய் திரும்பவும் ஏதோ சொன்னாள்.

"அப்ப போனை வைக்க வேண்டாமாம். உச்சி வரைக்கும் நாங்கள் கதைச்சுக்கொண்டு வருவமாம்."

அப்படியே கதைத்துக்கொண்டு ஏறினார்கள். கல் சுட்டது, குதிக்கால் வெடித்து எரிந்தது. கோயில் வாசலில் நின்று மூச்சு வாங்கியவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "கொம்பனிக்காரர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே?"

டிலக்ஷி தலையைக் குனிந்தாள். "போன கிழமையே ஓமெண்டு சொல்லிட்டினம். நான்தான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

"பிறகேனடி என்னை ஏறச் சொன்னனி?"

"உங்கடை நேர்த்தியை அப்பா சொல்லிப்போட்டார். நீங்கள் என்னை வா எண்டு நேர்ந்துகொண்டிருக்கேக்கை நான் எப்பிடி வைக்கிறது? நீங்களே நில் எண்டு கேட்டாத்தான் வைப்பன். இல்லாட்டி வாறன். சத்தியமா வாறன், அம்மா."

"கள்ளி!" என்று கத்தினாள் புஸ்பராணி. மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். வா என்கிற ஒரு சொல் போதும். அது நாக்கு நுனியில் நின்றது. திரையில், தமிழில் ஒரு சொல்லும் விளங்காத மேய் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வராத ஆளுக்காகக் கேற்றில் நிற்பது எப்படியிருக்கும் என்று புஸ்பராணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வருடமாக அவள் அப்படித்தான் போனோடு நிற்கிறாள்.

"வை" என்றாள்.

"என்னம்மா?"

"கையெழுத்தை வையெண்டுறன். காது கேக்கேல்லையே? ஆனா ஒண்டு. நீ எப்ப திரும்பி வந்தாலும் அந்த மனுசிக்கு முதலே சொல்லிப்போட்டு வா. சொல்லாமல் வந்தியோ, நான் கதவு திறக்கமாட்டன்."

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே குந்தி விக்கி விக்கி அழுதாள். உள்ளே போய் ரொசாலியாவுக்கு முகம் காட்டவும் வெட்கமாக இருந்தது. அங்கே மகளும் அழுதாள். நடுவில் மேய் பதறிப்போய் எதையோ கேட்பதும், டிலக்ஷி மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பதில் சொல்வதும் கேட்டது.

"என்னவாம்?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் புஸ்பராணி.

"ஏறுறதிலும் பாக்க இறங்கிறதுதான் முழங்காலுக்குக் கஷ்டமாம். செருப்பைப் போடட்டாம்." டிலக்ஷி கொஞ்சம் நிறுத்தினாள். "போனை இன்னும் வைக்க வேண்டாமாம், அம்மா."

புஸ்பராணி பைக்குள்ளிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். போனை வைக்கவில்லை.