ரஃபஸ் தேறிவிடக் கூடாது

"மறுபடியும் போட்டியா?" என்றார் கிளிஃபர்ட், செய்தித்தாளை இறக்காமலே.

"எதை?"

"மேசைக்கு அடியில ரொட்டிய. பேப்பர் படிக்கறவனுக்குக் காது கேக்காதுன்னு நெனப்பா? அவன் மெல்லுற சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேக்குது."

அவர் மனைவி டோரினின் முகம் சிவந்தது. அவள் காலடியில் ரஃபஸ், அந்த மஞ்சள் லாப்ரடார், ஒன்றும் அறியாதவன் போல மூக்கை நக்கிக்கொண்டிருந்தான்.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைத் தரும் சங்கம் அவனைக் குட்டியாக இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டது. தீனிச் செலவும் வைத்தியச் செலவும் சங்கத்துடையது, வளர்ப்பது டோரின். ஒரு வயது ஆனதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் பயிற்சிப் பள்ளிக்குப் போவான். தேறாத நாயை மட்டும், வளர்த்தவர்களையே கூப்பிட்டு வேண்டுமா என்று கேட்பார்கள். தரையில் கிடப்பதைத் தின்கிற நாய் தேறாது என்பது டோரினுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போட்டாள்.

"ஒரு துண்டு ரொட்டிதானே, கிளிஃப்."

"ஏம்மா, 'வேலை கத்துக்கற நாய், எதுவும் குடுக்காதீங்க'ன்னு பாதிரியாரையே வெரட்டினவ நீ!"

"அவர் குடுத்தது சாக்லேட். நாய்க்கு விஷம்."

"அப்ப ரொட்டி மருந்தா?"

டோரின் தட்டுகளைச் சத்தமாக அடுக்கினாள்.

சனிக்கிழமை ஸ்கிப்டன் ஊர்ச் சந்தையில் சங்கத்துக்காகப் பணம் திரட்டும் மேசை. மேசையில் டோரின், பக்கத்தில் உண்டியலோடு எர்னி. பார்வையில்லாதவர். அவருடைய நாய் ஜூனோவுக்கு வயதாகி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அடுத்த நாய்க்காக வெள்ளைக் கோலோடு காத்திருந்தார்.

"எர்னி, உண்டியலக் குலுக்கக் கூடாது. விதி இருக்கு."

"நான் எங்க குலுக்கறேன் கண்ணு? கை நடுங்குது. வயசாச்சில்ல."

"டீக் கோப்பையப் பிடிக்கறப்ப நடுங்கலையே?"

"டீ நான் காசு குடுத்து வாங்கினது. சிந்த மனசு வருமா?"

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டீக்கு இருவரும் கிளம்பினார்கள். டோரினின் ஒரு கையை எர்னி பிடித்துக்கொண்டார். மறு கையில் ரஃபஸின் வார். யாரோ தின்றுவிட்டுப் போட்ட உருளைக்கிழங்கு வறுவல் ஒன்று கல்தரையில் கிடந்தது. ரஃபஸ் பாய்ந்தான். வார் எர்னியின் கால்களைச் சுற்றி இழுத்தது. கோல் ஒரு பக்கம் பறக்க, மனிதர் முட்டி தரையில் இடிக்க விழுந்தார்.

ஓடி வந்தவர்கள் தூக்கி உட்காரவைத்தார்கள். டோரின் கோலை எடுத்துவந்தாள்.

"யாரு, ரஃபஸா?" என்றார் எர்னி, கையை நீட்டி அவன் காதைத் தேடியபடி. "அப்படி என்னத்தப்பா கண்டுபிடிச்ச?"

"வறுவல்," என்றாள் டோரின் மெல்ல.

"வினிகர் போட்டதா?"

"எர்னி, முட்டியில ரத்தம் வருது!"

"முட்டி ஆறிடும். இவன் சின்னப்பய. எங்க ஜூனோ ஒருநாள் ரயிலடியில நின்னா. கால்கிட்டயே யாரோ போட்ட கறிப் பண்டம். வாசனை எனக்கே ஆள இழுக்குது. ரயில் வேற வருது. அவ அசையலையே! எந்த வீட்டுல வளர்த்தாங்களோ, யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அவங்க புண்ணியத்துலதான் நான் உங்கிட்ட டீ கேட்டுட்டிருக்கேன்."

டோரின் டீ வாங்கிவந்து கொடுத்தாள். தன் கோப்பையைத் தொடவில்லை.

அன்று மாலையும் ரொட்டித் துண்டு தரையில் விழுந்தது. கூடவே அவள் குரலும்.

"விடு, ரஃபஸ்."

ரஃபஸ் நம்பாமல் பார்த்தான். நேற்றுவரை கொடுத்தவள்தானே இவள்? சட்டென்று வாயை வைத்தான். அவள் எடுத்துவிட்டாள். மறுபடி போட்டாள். மறுபடி "விடு". எத்தனையோ நாள் இப்படியே போனது. எர்னியின் ரயிலடிக் கதையைக் கிளிஃபர்டிடமும் சொல்லியிருந்தாள். ஒருநாள் அவர் தன் தட்டிலிருந்து பொரித்த பன்றிக்கறியை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அது அநியாயம் கிளிஃப்!"

"ரயிலடியில என்ன, ஓட்ஸ் கஞ்சியா கெடக்கும்?"

ரஃபஸுக்கு எச்சில் நூலாக ஒழுகியது. ஆனால் தலையைத் திருப்பி டோரினைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, இவன் தேறிவிடுவான் என்ற பயமும் வந்தது.

ஒரு வயதான ரஃபஸை அழைத்துப்போகச் சங்கத்திலிருந்து ஷோனா வந்த அன்று காலையிலிருந்தே தூறல். படிய வாரிய தலையும் சேறு ஒட்டிய பூட்ஸுமாக இருந்த அந்தப் பெண் பேசிக்கொண்டே ஒரு பிஸ்கட்டைக் கீழே விட்டாள். ரஃபஸ் அதை முகர்ந்தான். பெருமூச்சு விட்டு டோரினின் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டான்.

"அடேயப்பா! அருமையா வளர்த்திருக்கீங்க," என்றாள் ஷோனா. "பள்ளிக்கு நான் சொல்லவேண்டிய கெட்ட பழக்கம் ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க. சரியாகிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும், ஒண்ணும் அவசரமில்ல."

கிளிஃபர்ட் இருமினார். டோரின் ரஃபஸின் கழுத்து மயிரை விரலில் சுருட்டினாள், பிரித்தாள்.

"தூறல் போட்டா வெளிய போகமாட்டான். பின்னால லேசா தள்ளிவிடணும்," என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

வண்டி வரைக்கும் அவனை அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

தெரு முனையில் வண்டி திரும்பிய பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள். கிளிஃபர்ட் தொலைக்காட்சியைப் போட்டு, சத்தத்தை ஏகத்துக்கும் கூட்டினார்.

"எதுக்கு இப்படி அலறவிடற? நான் அழறது உனக்குக் கேக்கக் கூடாதா?"

"நீ அழுதா அழு," என்றார் கிளிஃபர்ட், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "நான் அழறது உனக்குக் கேக்கக் கூடாது."