குவியலுக்குள் சூடு

அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் சிவபாதம் தலையில் தண்ணீரை ஊற்றும்போதே மாட்டுக்கொட்டில் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் பறை அடித்தது. பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைக்கத் தம்பியை அழைத்திருந்தார்கள். அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசாத தம்பியை.

எல்லாம் யூரியாவால் வந்த பகை. போர்க்காலம்; வன்னிக்குள் யூரியா வர இராணுவம் போட்ட தடை. முரசுமோட்டை முழுக்கப் பயிர் காமாலைக்காரன்போல் வெளிறி நிற்க, அண்ணன் அருளம்பலத்தின் வயல் மட்டும் கருகருவென்று நின்றது. இடையில் ஒரு வரம்புதான். ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துச் சிவபாதத்துக்கு வயிறு எரிந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? அண்ணன் எங்கேயோ யூரியா எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான். கொட்டிலுக்குப் பின்னால், குழையும் சாணியும் வைக்கலும் போட்டு ஓலையால் மூடிய அந்தக் குவியலுக்குள்தான். கூட்டெருவாம்! கூட்டெருவுக்கு எவன் தினமும் விடியக் காவல் நிற்பான்?

மலேரியா அண்ணனைக் கொண்டுபோன பிறகும் அந்த எரிச்சல் ஆறவில்லை. இன்று விட்டால் நாளைக்கு அண்ணன் மனைவியான மச்சாளின் சகோதரர்கள் மூட்டையைத் தூக்கிவிடுவார்கள்.

ஈர வேட்டியோடு போய் ஓலையை விலக்கினான். யூரியா ஈரத்தில் கரைந்தால் கை விறைக்கும் என்பது எந்தக் கமக்காரனுக்கும் தெரியும். அந்தக் குளிரைத் தேடி முழங்கைவரை கையை விட்டான்.

"ஐயோ!"

கை பொசுங்கியது. நீராவி முகத்தில் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு இடத்தில் துழாவினான். சாக்கும் இல்லை, மூட்டையும் இல்லை. எங்கும் சூடுதான்.

"என்ன தம்பி தேடுறியள்?"

கிணற்றடிக்கு வந்த மச்சாள் கமலேஸ்வரி சத்தம் கேட்டு வந்து நின்றாள். சிவபாதத்துக்குப் பொய் வரவில்லை.

"யூரியா."

"அதுக்குள்ள குழையை உக்கவைச்சு எருவாக்கிற கிருமியள்தான் இருக்கு. கொதிக்கிற சூட்டிலதான் அதுகள் நல்லாப் பெருகுமாம். குழையைத் தின்னத் தின்ன இன்னும் சூடு ஏறுமாம். விவசாயம் படிப்பிக்க வந்த ஆக்கள் சொல்லிக் குடுத்தவை. அந்த எருவைத்தான் வயலுக்குப் போட்டவர். ஆறினாப் பிரட்டவேணுமெண்டு உங்கட அண்ணன் விடிய விடியக் கையை வைச்சுப் பாக்கிறவர்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"சொல்லத்தானே எத்தினை தரம் உங்கட படலையடிக்கு வந்தவர். வீட்டில இல்லையெண்டு பெஞ்சாதியைக் கொண்டு சொல்லுவிச்சியள். உள்ளுக்க நீங்கள் இருமினது அவருக்குக் கேட்டது, தம்பி."

அவள் ஓலையை எடுத்துக் குவியலை மூடிவிட்டுப் போனாள்.

அந்த நேரத்திலும் சிவபாதத்துக்கு அண்ணன் மேல் பொறாமைதான் வந்தது. ஒளிக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டான்.

மறுபடி குளித்துவிட்டு வந்தபோது வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சிவந்துபோன கையால் அரிசியை அள்ளி அண்ணனின் வாயில் போட்டான். விரல்கள் உதட்டில் பட்டன. பொசுங்கிய விரல்களுக்கு அந்தக் குளிர் இதமாக இருந்தது.

"மற்றாக்கள் நிக்கினம், கொஞ்சம் தள்ளுங்கோ," என்றார் பின்னால் நின்றவர்.

சிவபாதம் கையை எடுக்கவில்லை.