பைப்புக்குள் போன மாப்பிள்ளை

வாய் ஓயாதவன் என்பதால் பட்டறையில் எல்லோரும் அவனை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு வேலை, பைப்பின் முனையைக் கிரைண்டரால் சரிவாகச் சீவுவது. இரண்டு பைப்பை முட்டவைத்து இணைக்க வேண்டுமானால் இரண்டு முனையும் சாய்ந்திருக்க வேண்டும். நடுவில் விழும் பள்ளத்தைத்தான் வெல்டர் உருக்கி நிரப்புவார். இதற்கென்றே இருந்த மிஷின் படுத்து மாதக்கணக்காகிறது. ரேடியோ படுக்கவில்லை.

வெல்டர் வேறு யாருமல்ல, ரேடியோவின் தங்கை புருஷன். கைக்கு வேலை தெரிந்தவர், வாய்க்குச் சிரிப்பு தெரியாதவர். பத்து வார்த்தைக்கு ஒரு ‘ம்’ கிடைத்தால் அன்று அவருக்குப் பேச்சு அதிகம். இருவரையும் ஒரே மூலையில் போட்டது மேஸ்திரியின் குறும்பு.

அன்றைக்குத் தரையோடு கிடந்தது துருப்பிடிக்காத எஃகுப் பைப். ஆளின் தோள் நுழையும் அகலம். காலையில் மாப்பிள்ளை அதில் ஓர் இணைப்பை முடித்திருந்தார். உட்பக்கம் கருகாமலிருக்க, இந்த எஃகுக்குள் ஆர்கான் வாயுவை நிரப்பித்தான் பற்றவைப்பார்கள். முடித்த பிறகும் சூடு ஆறும்வரை மெல்லிசாக விட்டுவைப்பார்கள். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. காற்றைவிடக் கனம். போன இடத்தில் படுத்துக்கொள்ளும். பைப்பின் மறுமுனையைப் பலகையால் அடைத்து, அதன் வழியாகத்தான் வாயுக் குழாயைச் செருகியிருந்தார்கள்.

இந்த முனையை மூடியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ரேடியோ சீவி முடித்தான். கட்டை விரலால் விளிம்பைத் தடவினான்.

“வாங்க மாப்ளை, தொட்டுப் பாருங்க. எங்க வீட்டுலேருந்து உங்களுக்குக் கோணலில்லாம கிடைச்சது இது ஒண்ணுதான்.”

மாப்பிள்ளை விரலை ஒரு சுற்று ஓட்டினார். “மேல தடிப்பா இருக்கு மச்சான்.”

“தடிப்பைத் தேய்ச்சுக்கலாம். நீங்க காலைல போட்டீங்களே, அது உள்ள வெள்ளியா மின்னுதா, அடுப்புக்கரியா கிடக்குதா? முதல்ல அதைப் பாருங்க.”

கைவேலைக்காரனை இதைவிட நோகடிக்க முடியாது. மாப்பிள்ளை பேசாமல் டார்ச் விளக்கை எடுத்தார். ஜெயித்த திருப்தியில் ரேடியோ அடுத்த பைப்பின் பக்கம் திரும்பிக் கிரைண்டரைப் போட்டான்.

கிரைண்டர் வட்டு தேய்ந்து நிறுத்தியபோது பைப்புக்கு வெளியே இரண்டு கால்கள் தெரிந்தன.

“என்ன மாப்ளை, உள்ளேயே குடித்தனம் வச்சாச்சா? தங்கச்சிகிட்ட தலகாணி கொடுத்தனுப்பச் சொல்லவா?”

பதில் இல்லை. என்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருக்க?

“கரிதானே? வெக்கப்படாம வெளிய வாங்க.”

புது வட்டை மாட்டி முறுக்கினான். அப்போதுதான் அந்தக் கால்களைச் சரியாகப் பார்த்தான். குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பவன் கால் விரலைத் தரையில் ஊன்றியிருப்பான். இந்தப் பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

“மாப்ளை?”

குனிந்தான். உள்ளே டார்ச் உருண்டு கிடந்து வெறும் சுவருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டபடியே அவன் தலையும் உள்ளே போகப் பார்த்தது. அப்போது கேட்டது அந்தச் சத்தம். ஸ்ஸ்ஸ்... கேஸை மூடவேயில்லை. உள்ளே மூச்சுக்குக் காற்றே இல்லை. பாம்பைக் கண்டதுபோல் தலை தானாகப் பின்னுக்கு வந்தது.

கத்த வாயைத் திறந்தான். ரேடியோவுக்குச் சத்தம் வரவில்லை.

ஒரு காலைப் பிடித்து இழுத்தான். பூட்ஸ் கையோடு கழன்று வர, மல்லாந்து விழுந்தான். வேறு நாளாக இருந்தால் இதை ஒரு வருஷம் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான். எழுந்து இடுப்புப் பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். வெளியே வந்த முகம் சாம்பல் பூத்திருந்தது, உதடு நீலம்.

“மேஸ்திரி! கேஸை மூடுங்க! ஆம்புலன்ஸ்! ஐயோ, யாராச்சும் வாங்களேன்!”

மேஸ்திரி சிலிண்டரிடம் ஓடினார். ரேடியோ மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினான். ஊதினான். நெஞ்சு ஏறியது, இறங்கியது, சும்மா கிடந்தது. மறுபடி ஊதினான். வம்பளந்தே தேய்ந்துபோன வாய் அது.

மாப்பிள்ளை ஒரு இருமல் இருமினார். பிறகு கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“எதுக்கு இழுத்தீங்க மச்சான்? இப்பத்தானே குனிஞ்சேன்.”

மேஸ்திரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டவில்லை, தலை சுற்றவில்லை. குனிந்தார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நடுவில் ஒரு வட்டு தேய்ந்த நேரம் அவர் கணக்கிலேயே இல்லை.

இழுத்த வேகத்தில் பைப்பின் விளிம்பு நெஞ்சைக் கீறி, சட்டையில் ரத்தம் கசிந்தது. நல்ல சிவப்பு. அதைப் பார்த்து ரேடியோவுக்கு அழுகை வந்தது.

“வீட்டுல சொல்லாதீங்க. பயந்துருவா” என்றார் மாப்பிள்ளை.

ரேடியோ பூட்ஸ் இல்லாத அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“காலை விடுங்க மச்சான், கூசுது.”

“கூசட்டும்” என்றான். வண்டி வந்து ஆளைத் தூக்கி ஏற்றும்வரை விடவில்லை.