நீரோவுக்கும் பதினாறு வயது

நாளைக்கு வகுப்பில் பேசவேண்டியதை ஹம்சிகா சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் உரோமாபுரிக்கு அரசனான நீரோவைப் பற்றியது. என் மகளுக்கும் பதினாறுதான். கணினியில் பழைய நாணயங்கள். முதல் நாணயத்தில் நீரோவும் தாயும் முகத்துக்கு முகம். அடுத்ததில் தாய் அவனுக்குப் பின்னால். பிறகு தாயே இல்லை.

"தாய்க்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"கொல்லுவிச்சவன். எல்லாத்துக்கையும் தலையிட்டவவாம்."

அன்று மத்தியானம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரொம்சோஸ் என்ற ஊரிலுள்ள ஒரு பாலர் பாடசாலைத் தலைவி அழைத்திருந்தாள். உதவியாளர் வேலை தந்தோமே, வேண்டாமென்று ஏன் எழுதினீர்கள், ஐந்து மணிக்குள் முடிவு சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றாள். அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னது எல்லாம் விளங்கியது. ஆனால் நான் அப்படி எழுதவேயில்லை. பதினொரு வருடம் வாளி தூக்கியவள், இரண்டு வருடம் மொழி வகுப்புக்குப் போய்க் காத்திருந்த வேலை அது. ஆனாலும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றுதான் வாயில் வந்தது. பழக்கதோஷம்.

பிழை என்னுடையதுதான். எட்டு வயதிலேயே டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் இவளைத்தான் எனக்காகக் கதைக்க விட்டேன். வரும் கடிதங்களும் என் கடவுச்சொல்லும் இவள் கையில். கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் "எல்லாம் பிள்ளைதான் பாக்கிறவள்" என்று பெருமையாய்ப் புழுகித் திரிந்தேன். குரங்கின் கையில் பூமாலையைக் கொடுத்ததே நான்தான்.

"வேலை வேண்டாமெண்டு ஆரடி எழுதினது?"

அவள் பயப்படவில்லை. "நான்தான். அது என்ர பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை. நீங்கள் கதைக்கிற நோர்ஸ்க்கைக் கேட்டா என்ர கூட்டாளியள் சிரிப்பினம். எனக்கு வெக்கம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியோ?"

"கேட்டா விட்டிருப்பியளே?"

அடி பாவி! பெற்ற பிள்ளைமேல் எனக்கு அப்படியொரு வெறுப்பு வந்ததேயில்லை. கை ஓங்கியது. இந்த நாட்டில் பிள்ளையை அடித்தால் யாருக்கு முறையிடுவதென்றும் அவளுக்குத் தெரியும். கையை இறக்கினேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கைபேசியை எடுத்தேன்.

"தாங்கோ, நான் கதைக்கிறன்." கையை நீட்டினாள்.

"தள்ளி நில்!"

தலைவி எடுத்ததும் ஒலிபெருக்கியைப் போட்டேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: "நான் தங்கேஸ்வரி. எனக்கு வேலை வேண்டும். வேண்டாமென்று எழுதியது என் மகள்."

"அம்மா, என்ர பேரைச் சொல்லாதேங்கோ!"

"பெயர் ஹம்சிகா," என்றேன்.

தலைவி கேட்டாள், "மகள் பக்கத்தில் இருக்கிறாளா? அவளே சொல்லட்டும்."

கைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். எட்டு வயதிலிருந்து எனக்காகக் கதைத்தவளின் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லும் வரவில்லை.