இடது பக்கப் பின் டயர்

வொனோகிரியில் அந்தத் தெரு முழுக்க ஜகார்த்தா வண்டிகள் வந்து இறங்கியாயிற்று. துகிரான் வீட்டு வாசலில் மட்டும் பூனை படுத்திருந்தது. மறுநாள் நோன்புப் பெருநாள். மனைவி இறந்துபோனதிலிருந்து இரண்டு பெருநாளை அவர் தனியாகத்தான் கழித்தார். ஜகார்த்தாவில் இருக்கும் மகன் சேனோ இரண்டு தடவையும் சிரெபோனில் மாமியார் வீட்டோடு நின்றுவிட்டான். அங்கிருந்து இங்கே வர இன்னும் ஐந்து மணி நேரம் ஆகுமாம். லீவு போதாதாம். இந்த வருஷம் நேராக அப்பாவிடம்தான் என்று சத்தியம் செய்திருந்தான். கிழவர் விடியற்காலையிலேயே ஐந்து பேர் தின்கிற அளவுக்குக் கோழியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துவிட்டார். நோன்பு என்பதால் உப்புகூடப் பார்க்கவில்லை.

மதியம் போன் வந்தது.

"அப்பா, சுபாங் பக்கத்துல நிக்கிறோம். இடது பக்கப் பின் டயர்ல ஒரு வீக்கம். பெக்காசியில பள்ளத்துல விட்டுட்டேன், அதுலதான் இருக்கும். போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க."

பார்த்தார். டயரின் பக்கவாட்டில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

"ஸ்டெப்னியை மாட்டுடா."

"அது வீட்ல இருக்குப்பா. பெட்டிக்கெல்லாம் இடம் பத்தல, கழட்டி வெச்சிட்டேன்."

"அட மாங்கா மடையா! சாமானை ஏத்த ஸ்டெப்னியை இறக்குவாங்களா?"

"உங்களுக்கு வாங்குன சாய்வு நாற்காலிப்பா. மடக்குனாலும் உள்ள போகல."

துகிரானால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை. "அங்க டயர் கடை இல்லையா?"

"இருக்கு. கடைக்காரன் நேத்தே ஊருக்குப் போயிட்டானாம். ஓட்டலாமா, கூடாதா? நீங்க சொல்லுங்க. லேலா அவங்க அம்மா வீட்டுக்கே போயிடலாம்கிறா, போற வழியிலதான் இருக்கு."

போயிடலாம் என்ற அந்தச் சொல் கிழவரைச் சுருக்கென்று தைத்தது.

துகிரான் முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் கம்பியால் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீக்கே போவார். பத்து டயரில் எதில் காற்று குறைவு என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். சேனோ சின்ன வயதில் அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றவன்.

"வீல் ஸ்பேனரை எடுத்து டயரைத் தட்டு. போனைக் கிட்டப் பிடி."

கிண், கிண் என்று கேட்டது. காற்று கச்சிதமாக இருந்தது.

"சத்தம் நல்லா இருக்கு," என்றார் துகிரான். "எழுபதைத் தாண்டாம வா."

"நீங்க சொன்னா சரிப்பா."

போனை வைத்ததும் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைச் சூடாக்கினார். வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்து, பேத்தி கினந்திக்கு மெத்தையை உதறிப் போட்டார். மூன்று தலையணைக்கும் உறை மாற்றினார். மூன்றாவது உறையை மாட்டும்போது கை நின்றுவிட்டது. தட்டினால் கேட்பது காற்றின் சத்தம்தான். வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே இருக்கிற வெறும் ரப்பர்தான் மொத்தக் காற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் சிமெண்ட் ரோட்டில் அது எத்தனை நேரம் தாங்கும்? லாரிக்கு நேற்று வந்த கிளீனருக்கும் தெரிந்த சமாச்சாரம் இது. தட்டச் சொன்னபோதே அவருக்கும் தெரியும். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சேனோவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஏழு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்காதே என்று அவனை அடித்து வளர்த்தவரே அவர்தான். மருமகள் லேலாவை இந்த ஆறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட நேராக அழைத்ததில்லை. பழைய வாழ்த்துச் செய்திகளைத் தேடித் துழாவி நம்பரைக் கண்டுபிடித்தார்.

"அப்பா? என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"வண்டியை ஓரங்கட்டச் சொல்லும்மா. பிரேக்கை ஓங்கி மிதிக்க வேணாம். மெதுவா, மெதுவா."

அந்த அரை நிமிஷம் அவருக்கு யுகமாக இருந்தது. பிறகு சேனோவின் குரல் வந்தது.

"என்னாச்சுப்பா? நீங்கதான சத்தம் நல்லா இருக்குன்னீங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அது காத்தைத்தான் சொல்லும், வீக்கத்தைச் சொல்லாது."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வயசாகிவிட்டது என்று மகன் நம்பியிருப்பான், கதை அதோடு முடிந்திருக்கும்.

"இல்லடா. அப்பவே தெரியும். நீங்க வரணும்னு இருந்துச்சு."



"கினந்தி அந்த டயர் பக்கம்தான் உக்காந்து தூங்குதுப்பா," என்றான் சேனோ. அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பாவை வலது பக்கம் மாத்து. சிரெபோனுக்கு எவ்ளோ தூரம்?"

"டோல் ரோட்டுல இருந்து இறங்குற வழிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்."

"முப்பதுல ஓரமாவே உருட்டிக்கிட்டுப் போ. மாமியார் வீட்லயே இரு. பெருநாள் முடிஞ்சு புது டயர் மாட்டிக்கிட்டு ஜகார்த்தா போய்ச் சேரு."

"சரி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அப்பா என்று சொல்லவில்லை.

அந்தியில் பள்ளிவாசல் முரசு கேட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் நோன்பு திறந்தார்கள், தட்டுகளும் சிரிப்புமாக ஒரே அமளி. துகிரான் எதிரே இருந்த டீயைத் தொடவில்லை. போனையே பார்த்தபடி காய்ந்த நாக்கோடு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது.

ஏழு மணிக்கு லேலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேனோ, லேலா, நடுவில் வாயெல்லாம் சோறாகக் கினந்தி. கிழவர் விரலை வைத்து மூன்று பேரையும் எண்ணினார். அப்புறம்தான் அந்த டீயைக் குடித்தார்.

கொஞ்சம் கழித்துச் சேனோவும் ஒரு படம் அனுப்பினான். மாமியார் வீட்டு முற்றத்தில் கழற்றிப்போட்ட டயர். வீக்கம் முழு எலுமிச்சை ஆகியிருந்தது. ரப்பர் விரிசல் விட்டு உள்ளே வெள்ளை நூல் பல்லிளித்தது. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை.

துகிரான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மத்தியானம் சொல்ல வேண்டியிருந்ததை, யாருமில்லாத வீட்டில் வாய்விட்டுச் சொன்னார்.

"இது ஓடாதுடா, சேனோ. வராத."