குறி போடாத துணி

நீலக்காவின் சலவைக்கடையில் நான்கு இயந்திரங்கள், ஒரு நீள மேசை, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், ஒரு மைப்புட்டி. இவற்றில் எது இல்லாவிட்டாலும் ஒருநாள் சமாளித்துவிடலாம், மைப்புட்டி இல்லாமல் முடியாது. கடைக்குள் வரும் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் நீல மையால் ஒரு சின்னக் குறி விழும். இரட்டைப் புள்ளி ஒரு வீடு, வால் வைத்த வட்டம் இன்னொரு வீடு, கவிழ்த்த கொக்கி என்றால் மாடிவீட்டு டீச்சர். நூற்று நாற்பது வீட்டுக்கும் நூற்று நாற்பது குறி. எந்தக் குறி யாருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் அவள் தலைக்குள்தான். துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் அவள் கணவரே ஒவ்வொரு கட்டையும் அவளிடம் கேட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். இவளுக்கு மறதி வந்தால் பாதித் தெரு அடுத்தவன் கால்சட்டையில்தான் வேலைக்குப் போகும் என்று பள்ளி வேன்காரர் சொல்வார். விரல் நுனி எப்போதும் நீலமாக இருப்பதால் அவள் நீலக்கா. சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே ஒரு நொடி யோசிப்பாள்.

தன் வீட்டுத் துணிக்கு மட்டும் அவள் குறி போடுவதில்லை. குறி இல்லாவிட்டால் வீட்டுத் துணி என்று தெரிந்துவிடும், அதற்கெதற்கு மையைச் செலவழிப்பது?

செவ்வாய்க்கிழமை மதியம் மருந்துக்கடையின் பின்னறையில் நான்கு பேர் கூடுவார்கள். தெரு அதற்கு வம்புச் சங்கம் என்று பெயர் வைத்திருந்தது. தொடங்கி வைத்தவர் சுகாதார நிலையத்துச் செவிலி, எல்லோருக்கும் அவர் சிஸ்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை பரவியபோது, சுகாதார நிலையத்துக்குச் செய்தி எட்டிய நாளில் தெருவில் பாதிப் பேர் படுத்தாயிற்று. அது சிஸ்டருக்கு இன்னும் ஆறவில்லை. நோயாளி வந்து சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும், அதற்கு முன்பே தெரிந்துகொள்கிறவர்கள் யார் யார் என்று யோசித்து மூன்று பேரைப் பிடித்தார். மருந்துக்கடைக்காரர் அந்த வாரம் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் எத்தனை போனது என்று சொல்வார். வேன்காரர் எத்தனை குழந்தைகள் ஏறவில்லை என்று சொல்வார். நீலக்கா வழக்கத்துக்கு மேல் எத்தனை படுக்கை விரிப்பு வந்தது என்று சொல்வாள். வயிறு கெட்ட வீட்டிலிருந்து டாக்டரிடம் ஆள் போவதற்கு முன்னால் சலவைக்கு விரிப்பு வந்துவிடும்.

சட்டம் ஒன்றே ஒன்று: எண்ணிக்கை சொல்லலாம், வீடு சொல்லக் கூடாது. நீலக்கா ஒரு தாளில் தேதி, விரிப்பு, குறி என்று மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வருவாள். குறி சொல்கிறவர் வந்துவிட்டார் என்று மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு வாரமும் அதே கேலியைச் செய்து, ஒவ்வொரு வாரமும் அவரே சிரித்துக்கொள்வார். பக்கத்துப் பகுதிகள் மூன்றில் சிஸ்டரின் தோழிகளும் இதே போலக் கூட்டம் ஆரம்பித்திருந்தார்கள். நான்கு பகுதியின் எண்ணிக்கையையும் சேர்த்து மாதாமாதம் வட்டாரக் குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்புவார் சிஸ்டர். கிணற்றில் போட்ட கல்தான், ஒரு பதிலும் வராது.

நீலக்காவின் மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வட்டாரக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் வால்வு மாமா. தினமும் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் மடக் மடக்கென்று குடிப்பார். தாகமெல்லாம் ஒன்றுமில்லை, அலுவலகத்தின் மானத்துக்காகக் குடிப்பதுதான். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வருகிறதே என்று யாராவது முணுமுணுத்தால், நான் குடிக்கிறேன் இல்லையா என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வயிறு கெட்டது. ஒரே நாளில் நான்கு விரிப்பு. மருமகளுக்கு முகம் காட்ட முடியாமல் குளியலறைக் கதவுக்குள்ளிருந்தே பேசினார்.

"வெளிய சாப்பிட்டது ஒத்துக்கல. யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா."

விட மாட்டேன் என்றாள். விரிப்புகளைக் கொதிநீரில் தனியாகத் துவைத்தாள். பிறகு கடை மேசையில் புதுத் தாள் ஒன்றை விரித்துத் தேதி எழுதினாள், நான்கு என்று எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் போடக் குறி இல்லை. எண்ணிக்கையில் பொய் சொல்ல அவளுக்குக் கை வராது, மாமனாருக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

மாமனார் வெளியே எங்கும் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை அவர் ஒன்றும் பேசாமல் டம்ளரை நீட்டினார். அவர் பார்வை, அவருக்காக முந்தின நாள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இருந்தது. அவள் அதிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாசலில் போய் நின்று குடித்தார். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்த் தன் குழாயைத் திறந்தார். நீலக்கா அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, மறுநாளும் ஊற்றிக் கொடுத்தாள், மதியம் சங்கத்தில் நான்கு விரிப்பு என்றதோடு நிறுத்திக்கொண்டாள். இதற்குச் சப்பைக்கட்டு கட்ட யாரும் முயல வேண்டாம்.

வியாழக்கிழமை மூன்று வீட்டு விரிப்புகள் வந்தன. வெள்ளிக்கிழமை மேலும் ஆறு. செவ்வாய்க்குள் இருபத்திரண்டு குறிகள் தாளில் ஏறிவிட்டன. வேனில் பதினோரு இடம் காலி. மருந்துக்கடையில் பொட்டலம் தீர்ந்து வேறு ஊரிலிருந்து வரவழைத்தார்கள். இருபத்திரண்டாவது குறி கவிழ்த்த கொக்கி. டீச்சரின் மகளுக்கு நான்கு வயது, பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி சிஸ்டர் வீடு வீடாக ஏறி இறங்கினார். வால்வு மாமாவே பச்சைத் தண்ணீர் குடிக்கிறாரே என்றார்கள். ஒரு புகாராவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். கேட்ட எட்டு வீட்டிலும், வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற ஒரே பதில். அந்த வாரம் தெருவே குடும்பம் குடும்பமாக வெளியே போய்ச் சாப்பிட்டிருக்கிறது போலிருக்கிறது. டீச்சர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார், அவரிடம் போய்க் காகிதத்தை நீட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் புதன்கிழமை வட்டாரக் குடிநீர் அலுவலகத்தில் மாதாந்தரக் கூட்டம். நான்கு பகுதிக்காரர்களும் சேர்ந்து போவதென்று முடிவானது. கிளம்பும்போது கணவர் ஒன்றே ஒன்று சொன்னார், அப்பா பேரை மட்டும் இழுத்துவிடாதே என்று. இழுக்க மாட்டேன் என்று அவருக்கும் வாக்குக் கொடுத்தாள்.

கூட்ட அறையில் நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. புட்டித் தண்ணீர் என்பதை வேன்காரர் முழங்கையால் இடித்துக் காட்டினார். தலைமைப் பொறியாளர் கெட்டவர் இல்லை. சிஸ்டர் சொன்ன எண்ணிக்கையையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார். புகார் கொடுத்த வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் மாதிரி எடுக்க முடியும், அதற்குக் கதவு எண் வேண்டும், இதுவரை ஒரு புகாரும் வரவில்லை. அதோடு, என்று இழுத்தவர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அதே தெருவில் வசிக்கும் தங்கள் பழைய மேற்பார்வையாளரிடம் நேற்றுதான் விசாரித்தார்களாம், தண்ணீர் நன்றாக இருக்கிறது, நானே தினமும் குடிக்கிறேன் என்று அவர் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

நீலக்காவுக்கு அந்தக் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. கடிதத்தைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்மேல் கோபம் வந்தது, டம்ளரில் ஊற்றிக் கொடுத்த தன் கைமேல் அதைவிட அதிகமாக வந்தது.

சிஸ்டர் கடைசியாக நீலக்காவின் தாளை எடுத்துப் பொறியாளர் முன் வைத்தார். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இது என்ன பாஷை என்று கேட்டார். சலவைக் குறி என்றாள் நீலக்கா, ஒரு குறி ஒரு வீடு. அப்படியானால் யார் யார் வீடு என்று சொல்லுங்கள், இப்போதே ஆளை அனுப்புகிறேன் என்று பேனாவைத் திறந்தார் அவர். அறையில் இருந்த எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சிஸ்டர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டேன் சார். இன்னைக்குச் சொன்னா, அடுத்த தடவை ஒரு விரிப்புகூட என் கடைக்கு வராது. வீட்டுக்குள்ளயே கசக்கிக் காயப்போட்டுப்பாங்க. அப்புறம் உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

பொறியாளர் பெருமூச்சு விட்டார். தாளைத் திருப்பித் தள்ளப் போனவரின் விரல் முதல் வரியில் நின்றது. எல்லா வரியிலும் குறி இருக்கிறது, இதில் மட்டும் இல்லையே, விட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். மற்ற வரிகளுக்கு நான்கு நாள் முந்தைய தேதி அது.

ஆமாம், விட்டுப்போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாமனாருக்குக் கொடுத்த வாக்கு நிற்கும், கணவருக்குக் கொடுத்ததும் நிற்கும். கடை முதலாளியின் வீட்டிலேயே வயிற்றுப்போக்கு என்று தெரிந்தால் துணி போடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். நீலக்கா தன் நீல விரல் நுனியை அந்தக் காலிக் கட்டத்தின்மேல் வைத்தாள்.

"விட்டுப்போகல சார். எங்க வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது."

பொறியாளருக்குப் புரியவில்லை.

"தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாரே, அவரோட விரிப்பு அது. எங்க மாமனார். தெருவுல முதல்ல படுத்தது அவர்தான். இப்ப வாசல்ல நின்னு அவர் குடிக்கிறது நான் காய்ச்சிக் கொடுக்கிற தண்ணி. கதவு எண் நாற்பத்தாறு. எழுதிக்கோங்க."

பொறியாளர் கடிதத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்துவிட்டு, நாற்பத்தாறு என்று எழுதினார்.

அன்று மாலையே தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். சாக்கடையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. ஒன்பது நாளில் சரிசெய்தார்கள், அதுவரை லாரியில் தண்ணீர் வந்தது. டீச்சரின் மகள் ஐந்தாம் நாள் வீடு திரும்பினாள். அடுத்த மாதக் கூட்டத்தில், சுகாதார நிலையம் அனுப்பும் வார எண்ணிக்கையையே புகாராக எடுத்துக்கொள்ளலாம், கதவு எண் தேவையில்லை என்று தீர்மானம் போட்டார்கள். நான்கு பகுதிக்கும் சேர்த்து ஒன்றரை வரி. சிஸ்டர் அந்த ஒன்றரை வரியைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டார்.

கடைக்கு வந்த அடி லேசானதல்ல. முப்பது வீடுகள் துணியை நிறுத்திக்கொண்டன. எல்லாம் ஒரே இயந்திரத்தில்தானே போடுகிறீர்கள் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். தனியாகத்தான் போட்டேன் என்றாள் நீலக்கா. மாமனார் கொடுத்த அடி அதைவிடப் பெரிது. ஒரு மாதத்துக்கு மேலாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்து போவார். காலை ஏழு மணிக்கு வாசல் காலியாக இருந்தது. கடைக்கு முதல் இயந்திரம் வந்தபோது தண்ணீர் இணைப்பை யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தவர் அவர். அந்த இணைப்பைப் பார்க்கும்போதெல்லாம் நீலக்காவுக்கு அழுகை வந்தது. சில நாள் அழவும் செய்தாள், இயந்திரம் ஓடும் சத்தத்தில்.

ஒரு சனிக்கிழமை காலை கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வரிசையின் கடைசியில் மாமனார் வந்து நின்றார், கக்கத்தில் ஒரு துணிமூட்டை. முன்னால் போங்கள் என்று மற்றவர்கள் ஒதுங்கியும் நகரவில்லை. தன் முறை வந்ததும் மூட்டையை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு விரிப்பு. காலைலேர்ந்து வயிறு சரியில்ல." அவர் குரலை இறக்கவில்லை. "வெளிய எதுவும் சாப்பிடல."

கவிழ்த்த கொக்கிக்காரி டீச்சரும் அங்கேதான் நின்றிருந்தார். வீட்டிலேயே கொடுத்திருக்கலாமே மாமா என்று நீலக்கா மெதுவாகச் சொன்னாள். அவர் மைப்புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வீட்டுல கொடுத்தா குறி போட மாட்டே. தாள்ல கட்டம் காலியா நிக்கும். போடு. உனக்கு மட்டும் புரியற மாதிரி வேண்டாம், எல்லாருக்கும் புரியற மாதிரி போடு."

நீலக்கா விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்து 46 என்று எழுதினாள். மை காயும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.