பதினோரு மீட்டர்

என் வீட்டுக்காரர் சர்வேயர். ஜாமீன் படிவத்தில் தங்கும் இடம் எது என்று கேட்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் கதவு எண்ணை எழுதியிருப்பார்கள். இந்த மேதாவி அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதினார், அதுவும் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கத்தோடு. தன் கையால் அளந்த வீடாம்.

அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் குறித்துக்கொண்டு, காலில் கருவியை மாட்டி அனுப்பினார்கள். வட்டத்தைத் தாண்டினால் அது அலறும். மூன்று முறை அலறினால் மறுபடி சிறை.

வந்த அன்றைக்கே சமையலறையில் கால் வைத்தார், அலறியது. குளியலறையில் இரண்டாவது முறை. ஆனால் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசல்வரை போனாலும் கருவி வாயே திறக்கவில்லை! கூடத்தின் நடுவே சாக்பீஸால் நானே கோடு போட்டேன். கோட்டுக்கு வாசல் பக்கமாக, கூடத்து மூலையில் பக்கெட்டை வைத்துக் குளிக்கிறார் பெரிய மனுஷர்.

தப்பு எங்கே என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"பழைய வரைபடத்துல பூமிக்கு ஒரு கணக்கு, சாட்டிலைட்டுக்கு வேற கணக்கு. மாத்தாம எழுதினா அதே நம்பர் பதினோரு மீட்டர் தள்ளி விழும். மாத்த மறந்துட்டேன்."

கண்காணிப்பு அதிகாரி வந்து ஒரு தாளை நீட்டினார். "நான் குடுத்த நம்பர் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், நாளைக்கே சரி பண்ணிடறோம்." அவர் போய் மூன்று நாளாகிறது. தாள் வெறுமையாகவே கிடக்கிறது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு தொழிற்சாலையின் எல்லையை வேண்டுமென்றே பக்கத்து நிலத்துக்குள் தள்ளிக் குறித்தார் என்பதுதான் இவர்மேல் வழக்கு.

"அந்த எல்லை எவ்வளவு தள்ளிப் போச்சு?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினொண்ணு."

"எந்தப் பக்கம்?"

"இதே பக்கம்தான். ரெண்டாவது தடவ அலறினப்போதான் எனக்கே உறைச்சுது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "அப்போ நீங்க திருடலயே! மறதிதானே! கோர்ட்ல சொன்னா விட்டுடுவாங்களே!"

"திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். இருபத்தஞ்சு வருஷம் அளந்தவன், எனக்கு அளக்கத் தெரியலன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

ஆறு மாதமாக என் தங்கை என்னைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்புகிறாள். வேலை செய்யும் இடத்தில் அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். இப்போது முடியவில்லை.

"உங்க கௌரவத்துக்காக நான் காலம் பூரா திருடன் பொண்டாட்டியா இருக்கணுமா? வக்கீல்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

முன்வாசல் வழியாகப் போனால் எதிர்வீடுவரை துரத்திக்கொண்டு வருவார், அதற்கு அவருக்கு அனுமதி உண்டு. அதனால் சமையலறை வழியாகப் பின்கதவுக்கு நடந்தேன்.

"நில்லு! சொல்றத கேளும்மா, நில்லு!"

ஓடி வந்தவர் கோட்டருகே நின்றுவிட்டார். கையை மட்டும் நீட்டினார். நான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.